பம்பிங் குறைந்தவருக்கான மாத்திரையை யார் வாங்குகிறார்கள்?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் வேலூர் சாலையோர மருந்துக் கடைகளில் “ஹார்ட்டுக்கு நல்லதா ஒரு சத்து மாத்திரை குடுங்க” என்று கேட்டால் எடுத்து நீட்டப்படுபவற்றில் ஒன்று கோ-என்சைம் கியூ 10. கடை வழக்கில் ‘கோ-கியூ டென்’. கலெக்டர் அலுவலகத்தில் நாற்காலியோடு ஒட்டிப்போய், நாலு மணிக்கே களைத்துவிடுகிற ஐம்பது வயதுக்காரர் அதை வாங்குகிறார். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கத் தெம்பு வேண்டும் என்கிற ஓய்வுபெற்றவர் வாங்குகிறார். கொழுப்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கெண்டைக்கால் இழுக்கிறது என்று சொல்லும் அம்மா வாங்குகிறார். எக்கோ எடுத்து, ‘பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் சதவீதம்) முப்பதுதான்’ என்று டாக்டர் சொல்லக் கேட்டு வந்தவரும் வாங்குகிறார். நாலு பேருக்கும் ஒரே அட்டை.

இந்த மாத்திரைக்கு ஆதாரம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால், உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஆளுக்கொரு ஆராய்ச்சித் தாளைக் காட்டிவிட முடியும். இரண்டு தாளும் உண்மையாகவே இருக்கும். அதனால் இங்கே நான் எடைபோடப்போவது மாத்திரையை அல்ல, மாத்திரையும் அதை விழுங்குகிறவரும் சேர்ந்த ஜோடியை. நாலு ஜோடிக்கும் தீர்ப்பு வெவ்வேறு.

பொருள் போலியானது அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1957-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மறு வருடம் மெர்க் கம்பெனியில் கார்ல் ஃபோக்கர்ஸ் குழு இதன் மூலக்கூறு அமைப்பைக் கண்டுபிடித்தது. உணவிலிருந்து பிரிக்கப்பட்ட எலெக்ட்ரான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒரு புரதத் தொகுதியிலிருந்து அடுத்ததற்குப் பரிசல்போல ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது இதன் வேலை. அந்த ஓட்டத்திலிருந்துதான் உயிரணு தனக்கு வேண்டிய ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செய்துகொள்கிறது. இதன் இயக்கத்தை விளக்கிய பீட்டர் மிட்செலுக்கு 1978-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஓயாமல் துடிக்கிற இதயத்தில் இது நிறைய இருப்பதில் ஆச்சரியமில்லை. நம் உடலே இதைத் தயாரித்துக்கொள்கிறது என்பதை மட்டும் விற்பனைத் துண்டறிக்கைகள் சின்ன எழுத்தில் போடும், அல்லது போடவே போடாது.

ஜப்பான் 1974-லேயே இதை இதயச் செயலிழப்புக்கான மருந்தாக அனுமதித்தது. இந்தியாவில் பெரும்பாலும் இது உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று உறையில் அச்சிட வேண்டும். இதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டமும் தடுக்கிறது. கம்பெனிகள் சட்டத்தை நன்றாகவே படித்திருக்கின்றன. ‘குணமாக்கும்’ என்று எழுதுவதில்லை, ‘இதய நலனுக்குத் துணை’ என்று எழுதுகின்றன. பக்கத்தில் ஒரு சிவப்பு இதயப் படம்.

இனி வாதத்துக்கு வருவோம். கியூ-டென் ஆதரவாளர்களின் முதல் வாதம் இப்படிப் போகும்: நோயுற்ற இதயத்தில் கியூ-டென் குறைவாக இருக்கிறது, நோய் முற்றமுற்ற இன்னும் குறைகிறது, ஆகவே வெளியிலிருந்து கொடுத்தால் இதயம் தேறும். முதல் இரண்டும் உண்மை. ஃபோக்கர்ஸும் டென்மார்க்கின் மார்டென்சனும் நோயாளிகளின் இதயத் திசுவை எடுத்துப் பார்த்து 1985-இல் அப்படித்தான் வெளியிட்டார்கள். ‘ஆகவே’ என்ற இடத்தில்தான் சறுக்கல். குறைவு நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நோயின் விளைவாகவும் இருக்கலாம். இதயவியலில் இந்தச் சறுக்கலுக்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. வைட்டமின் ஈ-யைப் பற்றியும் இதே வாதம் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. 9,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நாலரை வருடம் கொடுத்துப் பார்த்த ‘ஹோப்’ ஆய்வு 2000-இல் வந்தபோது, மாரடைப்போ இறப்போ எள்ளளவும் குறையவில்லை.

கியூ-டென்னின் சொந்த வரலாற்றிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. பார்க்கின்சன் நோயிலும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைகிறது என்பதால் 2002-இல் 80 பேரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிக அளவு எடுத்தவர்களிடம் நோய் மெதுவாக நகர்ந்ததாகத் தெரிந்தது. உலகெங்கும் நோயாளிகள் வாங்கத் தொடங்கினார்கள். பிறகு 600 பேருடன் ஒரு பெரிய சோதனை நடந்தது, தினம் 1,200, 2,400 மில்லிகிராம் என்ற அளவுகளில். பயன் கிடைக்க வாய்ப்பே இல்லை என்று கண்டு அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவுகள் 2014-இல் வெளியாயின. ஹன்டிங்டன் நோயிலும் 609 பேரிடம் இதே கதை. சின்ன ஆய்வில் தெரிந்த பெரிய பலன் பெரிய ஆய்வில் கரைந்துபோவது இந்தப் பொருளுக்குப் புதிதல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இதயத்துக்கான ஆதாரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆதாரத்தின் மையத்தூண் ‘கியூ-சிம்பியோ’ என்ற சோதனை. இதை இழிவாகப் பேச மாட்டேன். மார்டென்சன் தலைமையில் ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா என ஒன்பது நாடுகளில் நடந்தது. இந்தியாவும் அதில் உண்டு. மூச்சுவாங்கல் முற்றிய, பம்பிங் குறைந்த 420 நோயாளிகளுக்கு, பெரும்பாலும் அவர்கள் அப்போது எடுத்துக்கொண்டிருந்த வழக்கமான மருந்துகளுக்கு மேலாக, கியூ-டென் 100 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, அல்லது அதேபோலத் தோற்றமளிக்கும் வெற்றுக் குளிகை. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், இதயச் சிக்கல் வந்து விழுந்தவர்கள் வெற்றுக் குளிகைப் பக்கம் 26 சதவீதம், கியூ-டென் பக்கம் 15 சதவீதம். இறந்தவர்கள் 18-க்கு 10 சதவீதம். 2014-இல் வெளியான இந்த எண்களைப் பார்த்து எந்த இதய மருத்துவரும் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

நிமிர்ந்து உட்கார்ந்தபின் கேட்க வேண்டியவையும் உண்டு. 550 பேரைச் சேர்ப்பதாகத் திட்டமிட்டவர்கள், ஆள் கிடைக்காமல் வருடக்கணக்கில் இழுத்து 420-இல் நிறுத்திக்கொண்டார்கள். இரு பக்கமும் சேர்த்து நடந்த இதயச் சிக்கல்கள் 90-ஐத் தாண்டவில்லை. அவற்றில் பத்துப் பன்னிரண்டு இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் கதையே வேறு. குளிகைகளைத் தந்தது அவற்றைத் தயாரிக்கும் கம்பெனி. இதனாலேயே முடிவு பொய்யாகிவிடாது, ஆனால் வேறொருவர் கையால் இன்னொரு முறை செய்துபார்க்க வேண்டும் என்ற கடமை கூடுகிறது. அந்த இன்னொரு முறை இன்றுவரை அதே அளவில் நடக்கவில்லை. நோயாளிகளைச் சேர்த்த காலம் கடந்து இதயச் செயலிழப்பு மருத்துவம் இரண்டு பெரிய அடிகள் முன்னே போய்விட்டது. சாக்குபிட்ரில் வந்தது, சர்க்கரை மாத்திரையாகப் பிறந்த டாபாக்ளிஃப்ளோசின் இதய மருந்தாக மாறியது. இவற்றுக்கு மேல் கியூ-டென் என்ன கூட்டும் என்பதற்கு கியூ-சிம்பியோவில் விடை கிடையாது.

அதே சோதனையில் ஒரு செய்தி யாராலும் பேசப்படாமல் கிடக்கிறது. எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பதினாறாவது வாரத்தில் நோயாளிகளின் அறிகுறிகளையும், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதையும் அளந்தார்கள். இரு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதயம் பழுதாகி மூச்சுவாங்குகிற, இந்தப் பொருள் உண்மையாகவே குறைந்துபோன உடம்பிலேயே நான்கு மாதத்தில் நடை கூடவில்லை. பழுதில்லாத இதயம் உள்ளவர் ஒரு மாதம் விழுங்கிவிட்டு “நல்ல தெம்பா இருக்கு சார்” என்றால், அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?

எதிர்ப்பக்கச் சாட்சிகளும் இருக்கிறார்கள். பால்டிமோரில் 55 நோயாளிகளுக்கு ஆறு மாதம் தினம் 200 மில்லிகிராம் கொடுத்த ஆய்வு 2000-இல் வெளியானது. பம்பிங்கும் கூடவில்லை, உடற்பயிற்சித் தாங்குதிறனும் கூடவில்லை. 2021-இல் காக்ரேன் குழு 11 ஆய்வுகளை, மொத்தம் 1,573 நோயாளிகளை, சேர்த்து எடைபோட்டு, இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் இது ‘அநேகமாக’க் குறைக்கலாம் என்றது. ஆதரவாளர்கள் கொண்டாடும் இந்த வரியை உள்ளே போய்ப் பார்த்தால், இறப்பு பற்றிய கணக்கு முழுவதும் அதே கியூ-சிம்பியோவிலிருந்து வந்ததுதான். ஒரு சாட்சி இரண்டு முறை கூண்டேறினால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. 2022-இல் வந்த அமெரிக்க இதயச் சங்கங்களின் வழிகாட்டி, இதயச் செயலிழப்புக்குச் சத்துத் துணைப்பொருள்கள் பலன் தருவதாக இல்லை, குறிப்பிட்ட குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்ய மட்டும் கொடுங்கள் என்றது. கொஞ்சம் கறாரான வாசகம்தான், கியூ-டென்னை மற்ற வைட்டமின்களோடு ஒரே மூட்டையில் கட்டியது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் திசை சரி.

இந்தியாவிலிருந்து வந்த சாட்சியத்தையும் ஒளிக்கக் கூடாது. 1998-இல், மாரடைப்பு வந்த உடனே கியூ-டென் தொடங்கிய 144 நோயாளிகளின் ஆய்வு ஒன்று நம் நாட்டிலிருந்து வெளியாகி, இன்றும் துண்டறிக்கைகளில் உலா வருகிறது. அதை நடத்திய முதன்மை ஆய்வாளரின் வேறு ஆய்வுகளை, குறிப்பாக உணவுமுறை பற்றியவற்றை, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் லான்செட்டும் 2005-இல் கவலைக் குறிப்பு வெளியிட்டு சந்தேகத்துக்கு உட்படுத்தின. கியூ-டென் ஆய்வைப் பற்றி அந்தக் குறிப்புகள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி மாரடைப்பு நோயாளிக்கு ஒரு மாத்திரையைப் பரிந்துரைக்க நான் துணிய மாட்டேன். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்ற வாக்குறுதியும் ஒரு காலத்தில் பலமாக ஒலித்தது. நம்பகமான ஆய்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு காக்ரேன் 2016-இல் பார்த்தபோது, சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை.

நலமான முதியவர்களுக்கு ஆதரவாக ஒன்று மட்டும் உண்டு. ஸ்வீடனின் கிண்டா வட்டாரத்தில் 70 வயது கடந்த 443 பேருக்கு நான்கு வருடம் கியூ-டென்னோடு செலினியமும் சேர்த்துக் கொடுத்தார்கள். இதய நோய் இறப்பு வெற்று மாத்திரைப் பக்கம் 12.6 சதவீதம், இந்தப் பக்கம் 5.9 சதவீதம். கண்ணைப் பறிக்கிற எண். ஆனால் ஸ்வீடன் மண்ணில் செலினியம் குறைவு, பலன் கண்டவர்களும் பெரும்பாலும் ரத்தத்தில் செலினியம் குறைந்தவர்களே. இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லாத ஆய்வை வைத்து இங்கே இருப்பவருக்குக் கியூ-டென்னை மட்டும் விற்பது நியாயமில்லை.

கெண்டைக்கால் வலிக்காரருக்கு வருவோம். கொழுப்பு மாத்திரைகளான ஸ்டாட்டின்கள் கல்லீரலில் கொழுப்பு உருவாகும் பாதையை மறிக்கின்றன. கியூ-டென்னும் அதே பாதையின் கிளையில்தான் உருவாகிறது. அதனால் ஸ்டாட்டின் எடுத்தால் ரத்தத்தில் கியூ-டென் குறைவது உண்மை. மெர்க் கம்பெனியே இரண்டையும் சேர்த்து 1990-இல் காப்புரிமை வாங்கி வைத்தது, பிறகு சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ‘தெரிந்தே மறைத்துவிட்டார்கள்’ என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் நாவல் எழுதுகிறார்கள். காப்புரிமை வாங்குவது வருமுன் வேலி போடுவது, பலனுக்கான சான்று ஆகாது.

வலி குறைகிறதா? முன்பு ஸ்டாட்டினால் வலித்தது என்று சொன்ன 120 பேரை அமெரிக்காவில் எடுத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரியாமல் ஸ்டாட்டினும் வெற்று மாத்திரையும் மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் மட்டும் வலித்தது 36 சதவீதத்தினருக்கு. வெற்று மாத்திரையில் மட்டும் வலித்தது 29 சதவீதத்தினருக்கு! உண்மையாக வலித்தவர்களுக்கு தினம் 600 மில்லிகிராம் கியூ-டென் கொடுத்தும் வலி குறையவில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் ஒத்துப்போகவில்லை. 2015-இல் வந்த தொகுப்பு பலனில்லை என்றது, 2018-இல் 575 பேரின் தரவைத் தொகுத்தது பலன் உண்டு என்றது. ஆகையால் இவருக்கு என் தீர்ப்பு தளர்வானது: கியூ-டென் போட்டால் மனம் சமாதானமாகி ஸ்டாட்டினைத் தொடர்வார் என்றால் இரண்டு மூன்று மாதம் போட்டுப் பார்க்கட்டும், வித்தியாசம் தெரியவில்லையென்றால் நிறுத்தட்டும். ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அதற்குப் பதிலாகக் கியூ-டென்னுக்கு மாறுவதுதான் ஆபத்து. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெலோடு உடனே கொடுக்கும் மூன்றாவது மருந்து அடார்வாஸ்டாட்டின். அரசு எதை அவசர மருந்தாக வைத்திருக்கிறதோ அதைத்தான் நாம் கால் இழுக்கிறது என்று தூக்கி எறிகிறோம். வலித்தால் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். டாக்டரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நாலு மணிக்குக் களைப்பவருக்கும் நடைக்குத் தெம்பு தேடுபவருக்கும் தீர்ப்பு கறாரானது: வேண்டாம். பிறவியிலேயே கியூ-டென் உற்பத்திக் குறைபாடு உள்ள மிக அரிய குழந்தைகளுக்கு இது உயிர்காக்கும் மருந்து. அவர்களைத் தவிர, மற்றவர் அசதிக்கு இதைக் காரணமாகச் சொல்ல ஆதாரம் இல்லை. நம் ஊர் அசதிக்குக் காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தைராய்டு, சர்க்கரை, சரியாகத் தூங்காதது, குறட்டையோடு மூச்சடைப்பது என்று வரிசை நீளும். ஹீமோகுளோபின் ஒன்பதில் நிற்கிற பெண்ணுக்குக் கியூ-டென் அட்டை வாங்கிக் கொடுப்பது குற்றத்துக்குப் பக்கத்தில் வரும் அலட்சியம். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

சாப்பாட்டிலேயே கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு: கிடைக்கும், கொஞ்சம்தான். மத்தி, கானாங்கெளுத்தி, ஆட்டு ஈரல், இதயம் ஆகியவற்றில் அதிகம். நம் மாவட்டத்து வயல்களில் விளையும் நிலக்கடலையிலும் உண்டு, 100 கிராம் வறுகடலையில் சுமார் 2.5 முதல் 3 மில்லிகிராம். 100 மில்லிகிராம் குளிகை ஒன்றுக்குச் சமமாக வேண்டுமென்றால் மூன்று கிலோவுக்கு மேல் கடலை தின்ன வேண்டும். ஆரோக்கியமான உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்வதால் அந்தக் கணக்கே தேவையில்லை.

பம்பிங் குறைந்தவர்தான் மிச்சம். இவருக்கு மட்டும்தான் மெய்யான வழக்கு இருக்கிறது. கியூ-டென் பெரிய கேடு செய்யாது, சிலருக்கு வயிற்றுக் கோளாறோ தூக்கக் குறைவோ வரலாம். அதனால் ‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்பார்கள். கெடுதல் பையில் இருக்கிறது. பத்துக் குளிகை அட்டை ஒன்று பல கம்பெனிகளில் சில நூறு ரூபாய். கியூ-சிம்பியோ அளவில் எடுத்தால் அது மூன்று நாளில் தீர்ந்துவிடும். இதே நோயாளிக்கான ஸ்பைரனோலாக்டோனின் விலை ஒரு மாத்திரைக்குச் சில ரூபாய்தான். 1999-இல் 1,663 பேரிடம் நடந்த ‘ரேல்ஸ்’ ஆய்வில் அது இறப்பை 30 சதவீதம் குறைத்தது. டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இல் முடிந்து விலை சரிந்தது. பீட்டா பிளாக்கர்கள் பழைய, மலிவான மருந்துகள். ஆனால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஒருங்கிணைத்த தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில், நாடு முழுதும் 53 மருத்துவமனைகளில் 10,851 நோயாளிகளைப் பார்த்தபோது, பம்பிங் குறைந்தவர்களில் வழிகாட்டி சொல்லும் மருந்துகள் கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு, 47.5 சதவீதம். மொத்த நோயாளிகளில் 14.2 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். நிரூபிக்கப்பட்ட மருந்தே முழுதாகப் போய்ச் சேராத இடத்தில் நிரூபிக்கப்படாததற்குப் பணம் கட்டச் சொல்வது முறையா?

ஆகவே இவருக்கான தீர்ப்பு நிபந்தனையோடு வருகிறது. முதலில் வழிகாட்டி சொல்லும் மருந்துகள் எல்லாம் சீட்டில் இருக்கின்றனவா, அளவு சரியா என்று டாக்டரிடம் கேட்கட்டும். இருந்தால், கையில் காசும் இருந்தால், டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு, கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டோடு இதை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இல்லையென்றால் அந்தக் காசுக்கு அந்த மருந்துகளை வாங்கட்டும். இதில் விலக்கு ஒன்று. வால்வு மாற்றியவர்களும், வால்வு பழுதானவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பார்கள். கியூ-டென்னின் உருவம் வைட்டமின் கே-யை ஒத்தது. இதைச் சேர்த்தபின் வார்ஃபரினின் வேலை குறைந்து ரத்தச் சோதனை எண் இறங்கியதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. அவர்கள் கடைக்காரர் பேச்சில் இதைத் தொடவே கூடாது.

என் தீர்ப்பை மாற்றக்கூடிய ஆய்வு எது என்பதும் தெளிவு. இன்றைய மருந்துகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் 300 மில்லிகிராம், இரண்டு வருடம், சில ஆயிரம் நோயாளிகள். காப்புரிமை இல்லாத பொருள் என்பதால் எந்தக் கம்பெனியும் அந்தச் செலவைச் செய்யப்போவதில்லை. பொதுப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய 53 மருத்துவமனைகளின் வலைப்பின்னல் இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. நோயாளிகளும் இருக்கிறார்கள். இறப்பு குறைகிறது என்று அந்த ஆய்வு சொன்னால் கியூ-டென்னை உணவுத் துணைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்து, மருந்தாக்கி, அரசு மருத்துவமனைகளில் பம்பிங் குறைந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். குறையவில்லை என்றால் உறையிலிருந்து அந்தச் சிவப்பு இதயத்தை எடுக்கச் சொல்ல வேண்டும்.